அமெரிக்கத் தட்டும் இரண்டு சம்பந்திகளும்

டாக்டர்: விளிம்பைப் பிடிங்க... விளிம்பை. விரல் உள்ள படுது பாருங்க.

பிரஸ்காரர்: படல சம்பந்தி. பிரஸ் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஈர மையோட தாளைத் தூக்கிட்டிருக்கேன். ஒரு தாள்லயாவது என் கைரேகை விழுந்திருக்கா?

டாக்டர்: என்கிட்ட பல்லு பிடுங்க வந்தவங்க ஒருத்தராவது கை வைக்கிறது வலிக்குதுன்னு சொல்லியிருக்காங்களா?

பிரஸ்காரர்: வாயைத் திறந்தே வச்சிருந்தா எப்படிச் சொல்லுவாங்க?

டாக்டர்: சரி சரி... இப்படிக் கொடுங்க. துணி விரிச்சிருக்கேன். ம்... மெதுவா. அந்த விளக்கை இழுங்க. இன்னும் கொஞ்சம் சாய்ச்சு.

பிரஸ்காரர்: பல்லு பாக்கற விளக்கை வச்சுப் பாட்டுத்தட்டு பாக்கறது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.

டாக்டர்: கிளினிக்கை மூடினப்போ நாற்காலியைக் கொடுத்துட்டேன். விளக்கை மட்டும் விடல. இந்தச் சாய்வுல வெளிச்சம் விழுந்தா மயிரிழைக் கீறல்கூடத் தப்பாது.

பிரஸ்காரர்: இருக்கா?

டாக்டர்: பேசாதீங்க.

பிரஸ்காரர்: இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை...

டாக்டர்: மூச்சையும் கொஞ்சம் அந்தப் பக்கம் விட்டீங்கன்னா நல்லது.

வீட்டம்மா: என்னங்க, டீ கொண்டு வரட்டுமா?

டாக்டர்: அங்கேயே நில்லு. கதவுக்கு இந்தப் பக்கம் டீ வரக்கூடாது.

வீட்டம்மா: அண்ணா வந்து எவ்வளவு நேரமாச்சு. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல. உங்களோட சேர்ந்தா பட்டினிதான்.

பிரஸ்காரர்: இருக்கட்டும் தங்கச்சி. இன்னைக்குப் பசியே தெரியல. எத்தனை வருஷமாத் தேடினது, நேத்துதான் பார்சல் வந்து சேந்துச்சு.

வீட்டம்மா: அந்த இங்கிலாந்துத் தாடிக்காரங்க பாட்டா?

டாக்டர்: இதுல இன்னும் தாடி வளக்கல. இது மூணாவது தட்டு. தாடியெல்லாம் அஞ்சாவதுலதான்.

வீட்டம்மா: எனக்கு எல்லாம் ஒண்ணுதான். ஆனா இதே தட்டு அலமாரியில ஏற்கெனவே இருக்கே. தூசி தட்டறவ நான்தானே.

பிரஸ்காரர்: அது இங்கிலாந்துல போட்டது தங்கச்சி. இது அமெரிக்காவுல போட்டது. அதுவும் முதல் தடவை போட்டது.

வீட்டம்மா: பாட்டு ஒண்ணுதானே?

டாக்டர்: அதான் இல்ல. அவங்க ஊர்ல அவங்க ஒரு வரிசை வச்சுப் பாடிக் கொடுத்தா, அமெரிக்கக் கம்பெனிக்காரன் அதுலேருந்து ரெண்டை உருவிடுவான். எங்கேயோ கிடந்த ஒண்ணைக் கொண்டு வந்து நடுவுல செருகுவான். முன்னாடி இருக்கறது பின்னாடி போகும். அட்டைப் படத்தையும் மாத்திடுவான்.

வீட்டம்மா: பாடினவங்க சும்மாவா இருந்தாங்க?

பிரஸ்காரர்: அவங்களை யாரு கேட்டா? பெரியவங்க உக்காந்து முடிவு பண்ணிட்டாங்க.

வீட்டம்மா: ம்... எல்லா இடத்துலயும் இதே கதைதான்.

டாக்டர்: நீ போய் உன் வேலையைப் பாரேன்.

வீட்டம்மா: போறேன். அண்ணா, பொண்ணு எப்படி இருக்கா?

டாக்டர்: அவளுக்கென்ன, நல்லா இருக்கா. அதான் ஆபீஸ்ல வேற ஊருக்கு மாத்தியிருக்காங்கல்ல...

வீட்டம்மா: நான் அண்ணாவைக் கேட்டேன்.

பிரஸ்காரர்: ஆமா தங்கச்சி... அங்கதான் இருக்கா. வேலை ஜாஸ்தி. அவ்வளவுதான். மாப்பிள்ளை... மாப்பிள்ளை சௌக்கியமா?

டாக்டர்: ஜோரா இருக்கான். போன வாரம்கூட லீவு போட்டுட்டு அவளைப் பாக்கப் போயிருந்தான்.

பிரஸ்காரர்: ஆ... ஆமா. போன்ல சொன்னா. வந்தாரு, சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனாருன்னு.

டாக்டர்: சினிமாவா... ஆமா ஆமா. சினிமா. அவனும் சொன்னான்.

வீட்டம்மா: என்ன படம்?

டாக்டர்: உனக்கு அடுப்புல என்ன இருக்கு?

வீட்டம்மா: அடுப்பை அணைச்சுட்டுத்தான் வந்தேன்.

டாக்டர்: அப்போ திரும்பப் பத்த வை.

வீட்டம்மா: சரிதான். நான் கீழ இருக்கேன். வேணும்னா கூப்பிடுங்க. வேண்டாம்னாலும் கூப்பிடுங்க.

பிரஸ்காரர்: ...தங்கச்சிக்குக் கோவமா?

டாக்டர்: அவளுக்குத் தினமும் இப்படித்தான். விடுங்க. அட்டையைப் பாத்தீங்களா நீங்க?

பிரஸ்காரர்: ராத்திரி வீட்ல வச்சே பாத்துட்டேன். கனமான அட்டை. மேல அச்சடிச்ச தாளைத் தனியா ஒட்டியிருக்கான். இங்கிலாந்துக்காரன் மெல்லிசு அட்டையில நேரா அடிச்சு ஓரத்தை மடிச்சு ஒட்டுவான். இது அமெரிக்காதான், சந்தேகமே இல்ல.

டாக்டர்: யாராவது பின்னாடி காப்பி அடிச்சு ஓட்டியிருந்தா?

பிரஸ்காரர்: லென்ஸ் எதுக்கு இருக்கு? பாடறவன் மூக்கைப் பாருங்க. புள்ளி ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது. அட்டையைப் போட்டோ எடுத்துத் திரும்ப அடிச்சிருந்தா புள்ளி மேல புள்ளி ஏறி மூக்கே கலங்கிப் போயிருக்கும்.

டாக்டர்: மூலையில ஒரு வெட்டு இருக்கே.

பிரஸ்காரர்: அது கம்பெனிக்காரனே வெட்டினது. விக்காத சரக்கு எல்லாத்துக்கும் மூலையை வெட்டிக் கழிச்சுத் தள்ளிடுவான்.

டாக்டர்: விக்காததா? இதையா?

பிரஸ்காரர்: அன்னைக்கு யாருக்குத் தெரிஞ்சது? பின்பக்கம் பாருங்க, பேனாவுல இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கு. எனக்கு அந்தக் கோணக்கையெழுத்து புரியல.

டாக்டர்: காட்டுங்க... "இது என்னுடையது. தம்பி தொட்டால் கை ஒடியும்."

பிரஸ்காரர்: நல்ல பொண்ணு.

டாக்டர்: பொண்ணுன்னு எப்படித் தெரியும்?

பிரஸ்காரர்: என் வீட்ல ஒண்ணு வளந்துச்சே. இதே குரல்தான். மை அழிப்பானால லேசா ஒத்தி எடுத்தா எழுத்து போயிடும். அழிக்கட்டுமா?

டாக்டர்: வேண்டாம். அவளும் ஆசைப்பட்டுத்தானே வச்சிருந்தா. இருந்துட்டுப் போகட்டும்.

பிரஸ்காரர்: கீறல் என்னாச்சு, அதைச் சொல்லுங்க.

டாக்டர்: முதல் பக்கம் சுத்தம். ரெண்டாவது பக்கத்துல... ஊதாதீங்க ஊதாதீங்க, பிரஷ்ஷை எடுங்க... ம். தூசிதான். இங்க பாருங்க, பாட்டு முடிஞ்சு லேபிளுக்கு முன்னாடி வெறுமையா ஒரு வளையம் இருக்குல்ல? அதுல கையால கீறின எழுத்து தெரியுதா?

பிரஸ்காரர்: தெரியுது. கடைசியில ஒண்ணுன்னு நம்பர் போட்டிருக்கு.

டாக்டர்: அந்த ஒண்ணுதான் வேணும். முதல் அச்சுலேருந்து எடுத்தது. லேபிளை எவன் வேணா அடிச்சிடலாம்...

பிரஸ்காரர்: லேபிளை எவன் வேணா அடிச்சிட முடியாது.

டாக்டர்: தொழிலைச் சொன்னா ரோஷம் வந்துடுமே. சரி, முடியாது. போதுமா? வாங்க, போட்டுக் கேப்போம்.

பிரஸ்காரர்: நீங்களே ஊசியை வைங்க.

டாக்டர்: வச்சாச்சு... கேட்டீங்களா? அந்த கிட்டார்.

பிரஸ்காரர்: ம்.

டாக்டர்: இங்கிலாந்துத் தட்டுல அது தள்ளி நின்னு வாசிக்கிற மாதிரி இருக்கும். இவன் எக்கோ சேத்திருக்கான். ரூமையே நிறைச்சுட்டான் பாருங்க ஆளு.

பிரஸ்காரர்: ம்... நல்லா இருக்கு.

டாக்டர்: என்ன, நல்லா இருக்குன்னு முடிச்சிட்டீங்க? வழக்கமா எழுந்து நின்னு தோளை ஆட்டுவீங்களே.

பிரஸ்காரர்: முட்டி வலி.

டாக்டர்: முட்டியை வச்சா தோளை ஆட்டுவாங்க? முழு செட்டும் சேந்தாச்சு சம்பந்தி. அந்த ஆளுங்க அமெரிக்காவுல போட்டது ஒண்ணு விடாம நம்மகிட்ட இருக்கு. இந்தப் பக்கத்துல வேற எவன்கிட்டயும் கிடையாது.

பிரஸ்காரர்: அதான் சொல்லலாம்னு இருந்தேன். கீழ ஒரு பை வச்சிருக்கேன்.

டாக்டர்: படிக்கட்டுக்கிட்ட பாத்தேன். அதுல என்ன?

பிரஸ்காரர்: ரெட்டைப்படை எல்லாம் அதுல இருக்கு.

டாக்டர்: எல்லாமா?

பிரஸ்காரர்: ரெண்டு, நாலு, ஆறு... எல்லாந்தான். ஒரே அலமாரியில வரிசையா இருந்தா பாக்க அழகா இருக்கும்ல.

டாக்டர்: அழகுக்காகவா இந்த வெயில்ல தூக்கிட்டு வந்தீங்க? சூட்டுல வளைஞ்சு போயிருந்தா?

பிரஸ்காரர்: வண்டியில நிமித்தி மடியில வச்சுகிட்டுத்தான் வந்தேன். குழந்தை மாதிரி.

டாக்டர்: சம்பந்தி, நம்ம பேச்சு என்ன? ஒத்தைப்படை என் வீட்ல, ரெட்டைப்படை உங்க வீட்ல. முழுசும் ஒருத்தன் வீட்லயே இருந்தா அடுத்தவன் வீட்டுக்கு எவன் போவான்னு சொன்னது யாரு?

பிரஸ்காரர்: நான்தான்.

டாக்டர்: ஒரு சனிக்கிழமை நீங்க இங்க, மறு சனிக்கிழமை நான் அங்கன்னு சொன்னது?

பிரஸ்காரர்: அதுவும் நான்தான்.

டாக்டர்: அப்புறம் என்ன?

பிரஸ்காரர்: வீட்ல இடமில்ல.

டாக்டர்: பின்னாடி ரூம் முழுக்கத் தட்டுக்குன்னுதானே வச்சிருந்தீங்க?

பிரஸ்காரர்: அதைக் காலி பண்ண வேண்டியதாப் போச்சு. சுண்ணாம்பு அடிக்க.

டாக்டர்: அடிச்சு முடிச்சதும் திரும்ப வைக்க வேண்டியதுதானே?

பிரஸ்காரர்: முடியாது. கட்டில் போட்டாச்சு.

டாக்டர்: கட்டிலா...

பிரஸ்காரர்: நேத்துதான் வந்து இறங்குச்சு. கூடவே ஒரு மேஜை.

டாக்டர்: ஓ... நல்லதுதான். விருந்தாளிங்க யாராவது வந்தா...

பிரஸ்காரர்: அதேதான். விருந்தாளிங்க வந்தா.

டாக்டர்: அந்த ரூம்ல காலையில வெளிச்சம் நல்லா வரும். ஜன்னலைத் திறந்தா மரம் தெரியும். அவளுக்குப் பிடிக்கும்.

பிரஸ்காரர்: யாருக்கு?

டாக்டர்: யாருக்குன்னா... பொதுவாச் சொன்னேன்.

பிரஸ்காரர்: அவளுக்குன்னீங்க.

டாக்டர்: பாட்டு முடிஞ்சிடுச்சு. ஊசியைத் தூக்கறேன்.

பிரஸ்காரர்: ஊசி கிடக்கட்டும். யாருக்குப் பிடிக்கும் சம்பந்தி?

டாக்டர்: வெறும் வளையத்துல சுத்திகிட்டே இருந்தா முனை தேஞ்சு போயிடும்.

பிரஸ்காரர்: தேயட்டும்.

டாக்டர்: ...என் மருமகளுக்கு.

பிரஸ்காரர்: எப்போலேருந்து தெரியும் உங்களுக்கு?

டாக்டர்: போன மழைக்கு முந்தின மழைக்கு. ராத்திரி என் பையன் பெட்டியோட வந்து நின்னான். நனைஞ்சு போயிருந்தான். "கொஞ்ச நாள் தள்ளி இருக்கலாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணியிருக்கோம்"னான். வேற எதுவும் சொல்லல. துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

பிரஸ்காரர்: என் வீட்டுக்கும் அதே மழையிலதான் வந்தா. இதே வார்த்தைதான். மனப்பாடம் பண்ணிட்டு வந்தாங்களோ என்னமோ.

டாக்டர்: அப்போ ரெண்டு வருஷமா...

பிரஸ்காரர்: ரெண்டு வருஷமா. அவன் இங்கயா இருக்கான்?

டாக்டர்: இப்போ ஆபீஸ் பக்கத்துல ஒரு ரூம் எடுத்துட்டான். முதல்ல இங்கதான் இருந்தான். நீங்க வர்ற சனிக்கிழமை மத்தியானம் அவனை ஏதாவது வாங்கிட்டு வாடான்னு வெளிய அனுப்பிடுவேன். பெத்த பிள்ளையைத் துரத்திட்டு உங்களுக்குக் கதவைத் திறந்திருக்கேன்.

பிரஸ்காரர்: நீங்க வர்ற அன்னைக்கு அவ பக்கத்து வீட்ல போய் உக்காந்துக்குவா. நான் அவ செருப்பைத் தூக்கி பீரோவுக்குள்ள ஒளிச்சு வைப்பேன்.

டாக்டர்: ஒரு தடவை மறந்துட்டீங்க.

பிரஸ்காரர்: எப்போ?

டாக்டர்: வாசல்லயே கிடந்துச்சு. நான் அதைத் தாண்டித்தான் உள்ள வந்தேன். வந்து உக்காந்ததும், "பொண்ணுக்கு அந்த ஊர் தண்ணி ஒத்துக்கலையாம்"னீங்க.

பிரஸ்காரர்: கடவுளே. நீங்க அதுக்கு, "காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க"ன்னீங்க.

டாக்டர்: வேற என்ன சொல்ல?

பிரஸ்காரர்: அப்போ சினிமா?

டாக்டர்: சினிமா என்னுது இல்ல. அதை ஆரம்பிச்சது நீங்க. நான் லீவு போட்டுட்டுப் போனான்னு மட்டுந்தான் சொன்னேன்.

பிரஸ்காரர்: நீங்க அவ்வளவு பெரிசா ஒண்ணைச் சொன்னா நான் வெறுங்கையோட நிக்க முடியுமா? சினிமாவைச் சேத்தேன்.

டாக்டர்: சில சமயம் பொய்யின்னே மறந்துடும் சம்பந்தி. நீங்க சொல்றதைக் கேட்டு, நிஜமாவே போயிருப்பாங்களோ, நம்மகிட்டதான் சொல்லலையோன்னு...

பிரஸ்காரர்: எனக்கும் அப்படித்தான். நீங்க சொன்னதை நம்பிட்டு ஒரு நாள் வீட்டுக்குப் போனேன். அவ உள் ரூம்ல தரையில பாயைப் போட்டுப் படுத்திருந்தா. ஏன் சொல்லல நீங்க?

டாக்டர்: நீங்க ஏன் சொல்லல?

பிரஸ்காரர்: சொன்னா சனிக்கிழமை போயிடுமே. அவ அம்மா போனதுக்கப்புறம் எனக்கு மிச்ச நாள் எல்லாம் மெஷின் சத்தம்தான். இது ஒண்ணுதான்... சரி, விடுங்க.

டாக்டர்: போன வருஷம் இதே தட்டு ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?

பிரஸ்காரர்: நீங்க கீறல்னு திருப்பி அனுப்பினது.

டாக்டர்: கீறல் இல்ல.

பிரஸ்காரர்: தெரியும்.

டாக்டர்: தெரியுமா?

பிரஸ்காரர்: எனக்கும் கண்ணு இருக்கு. நீங்க கீறல்னீங்க. நான் அட்டையும் போலி மாதிரி இருக்குன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னேன்ல?

டாக்டர்: ஆமா... சொன்னீங்க. நான்கூட நினைச்சேன், நல்ல அட்டையைப் போய் இந்த மனுஷன்...

பிரஸ்காரர்: செட்டு முடிஞ்சிட்டா அப்புறம் எதைத் தேடிகிட்டு ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போறது?

டாக்டர்: இந்தத் தடவை மட்டும் ஏன் போலின்னு திருப்பி அனுப்பல அப்போ?

பிரஸ்காரர்: முடிச்சிடலாம்னுதான் டாக்டர் சார்.

டாக்டர்: டாக்டர் சாரா?

பிரஸ்காரர்: வேற என்னன்னு கூப்பிடறது? அந்த உறவே இல்லன்னு ஆனப்புறம்.

டாக்டர்: இல்லன்னு யார் சொன்னா? தள்ளி இருக்கோம்னுதானே சொன்னாங்க. நாளைக்கே சரியாகலாம். என்ன பெரிய சண்டை. உங்க பொண்ணு கொஞ்சம் பொறுத்துப் போயிருந்தா...

பிரஸ்காரர்: பொறுத்துப் போறதா?

டாக்டர்: நான் என்ன சொல்ல வந்தேன்னா...

பிரஸ்காரர்: உங்க பையன் ஆபீஸ்லேருந்து வந்தா காதுல எதையாவது மாட்டிகிட்டுக் கதவைச் சாத்திக்குவான். இவ வெளிய நின்னு பேசிகிட்டே இருப்பா. சாப்பிட வாங்கன்னா பதில் இல்ல. நான் போறேன்னாலும் பதில் இல்ல. சுவத்துகிட்ட எவ்வளவு நாள் பொறுத்துப் போறது?

டாக்டர்: ...

பிரஸ்காரர்: எதாவது சொல்லுங்க. நீங்களும் கதவைச் சாத்திக்காதீங்க.

டாக்டர்: தப்பா வந்துடுச்சு வாயில. அவன்மேலதான் தப்பு. அவன் என்னை மாதிரி சம்பந்தி. நானும் இந்த ரூம்ல வந்து கதவைச் சாத்தினவன்தான். என் வீட்டுக்காரியைக் கேளுங்க, சொல்லுவா. எனக்காவது இந்தத் தட்டுங்க இருந்தது. அப்புறம் நீங்க வந்தீங்க. அவனுக்கு யாரும் வரல.

பிரஸ்காரர்: என் பொண்ணும் லேசுப்பட்டவ இல்ல. ஆரம்பிச்சா நிறுத்தமாட்டா. கேக்கறவன் காது என்னாகும்னு யோசிக்கமாட்டா. அது என் பக்கத்துலேருந்து வந்தது.

டாக்டர்: நாமதானே பாத்துப் பாத்துச் சேத்து வச்சோம்.

பிரஸ்காரர்: எங்க பாத்தோம்? முதல் தடவை நாங்க எல்லாரும் உங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கு நீங்களும் நானும் எங்க இருந்தோம்?

டாக்டர்: இங்கதான்.

பிரஸ்காரர்: கீழ யாருக்கும் பேச ஒண்ணும் இல்ல. தரையைப் பாத்துகிட்டு உக்காந்திருந்தாங்க. நீங்க, "வாங்க, மேல ஒண்ணு காட்டறேன்"னீங்க. இந்த அலமாரியைப் பாத்தேன். என் ரூம்ல இருக்கற அதே ஆளுங்க. ரெண்டு பேரும் கீழ இறங்கறதுக்குள்ள காபி ஆறிப் போச்சு. அந்தப் பொண்ணும் பையனும் அதுக்குள்ள என்ன பேசினாங்க, பேசினாங்களா இல்லையா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

டாக்டர்: நானும் கேக்கல.

பிரஸ்காரர்: போற வழியில அவ கேட்டா, "என்னப்பா தோணுது?"ன்னு. "தங்கமான குடும்பம்மா"ன்னேன். மாப்பிள்ளையை நான் பாக்கவே இல்ல டாக்டர் சார். தட்டைப் பாத்துப் பொண்ணைக் கொடுத்துட்டேன்.

டாக்டர்: நானும் உங்களைப் பாத்துத்தான் முடிவு பண்ணினேன்.

பிரஸ்காரர்: நாம ரெண்டு பேரும்தான் கட்டிகிட்டிருக்கணும் போல.

டாக்டர்: சிரிப்பு வரல எனக்கு.

பிரஸ்காரர்: எனக்கும் வரல. அந்தப் பை கீழயே இருக்கட்டும். நான் கிளம்பறேன்.

டாக்டர்: உக்காருங்க.

பிரஸ்காரர்: இல்ல. அவளை ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பறேன். புத்தகம் ஒண்ணை எடுத்துகிட்டு மறுபேச்சு இல்லாம போவா. அவ எங்க போறது இனிமே? அவ வீடு அதுதான்.

டாக்டர்: அப்போ நான் அங்க வரல. நீங்க இங்க வாங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்களே வாங்க.

பிரஸ்காரர்: அது மட்டும் அவளுக்கு நல்லா இருக்குமா? அவ வேண்டாம்னு விட்டவன் வீட்டுப் படியை அப்பன் வாராவாரம் ஏறிகிட்டிருந்தா?

டாக்டர்: கொஞ்ச நாள் பொறுங்க. அவங்களுக்குள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. ஒருவேளை திரும்பச் சேந்துட்டாங்கன்னா...

பிரஸ்காரர்: சம்பந்தி.

டாக்டர்: என்ன?

பிரஸ்காரர்: அவ வாங்கினது ஒத்தைக் கட்டில். நானும் நேத்து வரைக்கும் உங்களை மாதிரிதான் இருந்தேன். பாய்ல படுக்கறவரைக்கும், திரும்ப அவன்கிட்டயே போயிடுவான்னு நினைச்சுகிட்டிருந்தேன். கடை ஆளுங்க ரெண்டு பேர் கட்டிலைத் தூக்கிட்டு உள்ள வந்தப்போ ரூம் வாசல்ல நின்னுகிட்டிருந்தேன். "அப்பா, கொஞ்சம் தள்ளுங்க"ன்னா. தள்ளி நின்னேன்.

டாக்டர்: அப்போ என் ஒத்தைப்படையையும் எடுத்துட்டுப் போங்க.

பிரஸ்காரர்: எனக்கு எதுக்கு? வைக்க இடமில்லைன்னு சொல்றேன்.

டாக்டர்: எனக்கு மட்டும் எதுக்கு? தனியா உக்காந்து, "இந்த கிட்டாரைக் கேட்டியா"ன்னு விளக்குகிட்ட சொல்லவா?

வீட்டம்மா: டீ ஆறிகிட்டிருக்கு.

டாக்டர்: கதவுக்கு அந்தப் பக்கம் நில்லுன்னு...

வீட்டம்மா: நிக்கமாட்டேன். நகருங்க. தட்டை மூடி வைங்க, இங்கதான் வைக்கப் போறேன். அண்ணா, உக்காருங்க. செருப்பைத் தேடாதீங்க, நான் எடுத்து உள்ள வச்சுட்டேன்.

பிரஸ்காரர்: தங்கச்சி, நான் கிளம்பணும்...

வீட்டம்மா: குடிச்சிட்டுக் கிளம்பலாம்.

டாக்டர்: நாங்க பேசினதைக் கேட்டியா?

வீட்டம்மா: கேக்காம? இந்த வீட்ல மேல பேசினா கீழ கேக்கும். ரெண்டு வருஷமா கேட்டுகிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தர் லீவு போட்டுட்டுப் போனான்னு சொல்றீங்க, ஒருத்தர் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனாருன்னு சொல்றீங்க. நான் பாத்திரத்தைக் கழுவிகிட்டே அழுவேனா சிரிப்பேனா?

டாக்டர்: நான் பொய் சொல்றேன்னு உனக்குத் தெரியும். அவரும் பொய்தான் சொல்றாருன்னும் தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

வீட்டம்மா: சொல்லக்கூடாதுன்னு கேட்டுகிட்டாங்க.

பிரஸ்காரர்: யாரு தங்கச்சி? அவ இங்க வந்தாளா?

வீட்டம்மா: ரெண்டு பேருமே வந்தாங்க அண்ணா. போன மாசம், இதே மாதிரி ஒரு சனிக்கிழமை. கோர்ட்டுல எல்லாம் முடிஞ்சிடுச்சும்மா, அப்பாங்க ரெண்டு பேரும் மேலதான் இருப்பாங்க, சேர்ந்தே சொல்லிடறோம்னு வந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல, போங்கன்னு வழி விட்டேன். பாதிப் படி ஏறிட்டாங்க. மேல நீங்க ரெண்டு பேரும் ஏதோ ஒரு லேபிள் ஆரஞ்சா சிவப்பான்னு சண்டை போட்டுகிட்டிருந்தீங்க. அப்புறம் என்ன நினைச்சீங்களோ, விழுந்து விழுந்து சிரிச்சீங்க. அவ அப்படியே படியில உக்காந்துட்டா. இவன் ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டு, அவ பக்கத்துல உக்காந்தான். ஓடிகிட்டிருந்த தட்டு முடியற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கேயே இருந்தாங்க. நான் கீழேருந்து பாத்துகிட்டிருந்தேன். அப்புறம் இறங்கி வந்து, "இப்போ வேண்டாம்மா, இவங்களாவது ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும்"னா. "அவ சொல்றதுதான் சரி"ன்னான் இவன். அவளைக் கட்டின நாள்லேருந்து அவன் வாயிலேருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல.